அளவுத் திட்டு

மழைத்தண்ணீர் கடலுக்குத்தான் போய்ச் சேரும் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். திருவொற்றியூரில் அப்படி இல்லை. கடலோரம் மணல் மேடிட்டுக் கிடப்பதால், இங்கே பெய்கிற மழை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே, பக்கிங்காம் கால்வாயைப் பார்த்து ஓடும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளங்களில் கொஞ்ச நாள் தங்கி, தவளைக்கும் கோரைப்புல்லுக்கும் கொடுத்தது போக மிச்சம் கால்வாயில் இறங்கும். பிறகு கம்பெனிகள் வந்தன. கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆளுக்கு வீடு வேண்டியிருந்தது, வீட்டுக்கு மேடு வேண்டியிருந்தது. பள்ளத்தைத் தூர்த்து மேடாக்குகிறவர்களுக்கு, அங்கே நின்ற தண்ணீர் இனி எங்கே போகும் என்ற கவலை சாதாரணமாக இருப்பதில்லை. அந்தக் கவலை இருந்த ஒரே ஒரு மனுஷனை எனக்குத் தெரியும். அவனை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அது அறுபத்தேழாம் வருஷம். தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு கம்பெனி தன் ஆட்களுக்காக நாலு பிளாக் குவார்ட்டர்ஸ் கட்ட ஆரம்பித்திருந்தது. ஏழு ஏக்கர் பள்ளம். லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கி, ஆடி முடிவதற்குள் ஆள் உயர மேடாகிவிட்டது. அந்த மேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் எங்கள் ஓடைக்கரை. முப்பத்தைந்து மண்சுவர்க் குடிசை, ஒரு பொதுக்குழாய், என்னுடைய சைக்கிள் கடை, அவ்வளவுதான் ஊர். கடலுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மண் வேலைக்காரர்கள் எல்லாரும் கலந்து கிடந்தோம். மாதா தேருக்கும் கெங்கையம்மன் கூழுக்கும் ஒரே கயிற்றில்தான் தோரணம் கட்டுவோம்.

மண் வேலை பரசுராமன் மேஸ்திரியின் கையில் இருந்தது. ஓடைக்கரையில் பதினெட்டுக் குடும்பம் அவன் கூட்டம். அவன் பெண்சாதி கெங்கம்மா அதே வேலையில் சித்தாள். ஒரு கூடை மண்ணைத் தலைக்கு ஏற்றுகிற நேரத்துக்குள் மூன்று பேருடைய வம்பைப் பேசி முடித்துவிடுவாள். வாய்தான் அப்படியே தவிர, மண் சுமக்கிறதில் ஆம்பளைகளே அவளோடு போட்டிக்கு நிற்கமாட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு அம்மு என்று ஒரே பெண், ஏழு வயசு. அந்தப் பெண் தும்மினால்கூட கெங்கம்மாவுக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

கம்பெனி போட்ட ஓவர்சீயர் தாமோதரன். இருபத்தாறு வயசு இருக்கும். காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பையன், தேரடி அருகே ஒரு மாடி அறையில் தங்கியிருந்தான். மூக்குக் கண்ணாடியும் குடையும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. சத்தம் போடத் தெரியாது. மண் வேலையில் சத்தம் போடத் தெரியாத ஓவர்சீயரை எல்லாருக்கும் பிடிக்கும், ஒருத்தரும் பயப்படமாட்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலையில் அவன் மேட்டின் மேற்கு மூலைக்குப் பரசுராமனைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த மூலையில் மட்டும் மண் கொட்டாமல் பழைய தரையை அப்படியே விட்டிருந்தார்கள். ஏழு ஏக்கரில் புல் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

"மேஸ்திரி, இந்த இடத்துல இருபதடிக்கு இருபதடி, அஞ்சடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டணும்."

"இன்னாத்துக்கு சார்? மீனு வளக்கவா?"

"மேட்டு மண்ணு இன்னும் இறுகல. மழை பேஞ்சா கரைஞ்சு ஓடிவரும். நேரா குழாய்ல விட்டா ஒரே மழையில அடைச்சுக்கும். இந்தக் குழியில தண்ணி கொஞ்ச நேரம் நின்னா மண்ணெல்லாம் அடியில தங்கிடும். தெளிஞ்ச தண்ணி மட்டும் குழாய் வழியா கால்வாய்க்குப் போகும். வாரத்துக்கு ஒரு தரம் வண்டலை அள்ளி மேலேயே போட்டுடலாம்."

"கான்ட்ராக்டரு இத்துக்குல்லாம் ஒத்துக்கினாரா?"

"கெஞ்சி ஒத்துக்க வெச்சிருக்கேன். கீழ குடிசைங்க இருக்கு பாருங்க. நம்ம தண்ணி அவங்க வீட்டுக்குள்ள போகலாமா?"

பின்னாலேயே கூடையோடு நின்றிருந்த கெங்கம்மா சிரித்தாள். "கீய கீறது எங்க வூடுதான் சார். வராம பாத்துக்க, புண்ணியமாப் போவும்."

மண் வெட்டுகிறவர்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, குழி வெட்டும்போது ஒரு துண்டு நிலத்தை மட்டும் தொடாமல் தூண் மாதிரி விட்டுவிடுவார்கள். எத்தனை அடி வெட்டியிருக்கிறது என்று பார்க்க வருகிறவர் அதன் உச்சியிலிருந்து அடிவரை டேப்பை விட்டு அளப்பார். அதை அளவுத் திட்டு என்று சொல்வது எங்கள் ஆட்கள் பழக்கம். அளந்து முடிந்ததும் அதையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, முதல் வெட்டுக்கு முன்னால் ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கெங்கையம்மன் என்று நட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். பூமியைக் கீறுகிறோம், பொறுத்துக்கொள் என்று சொல்கிற மாதிரி.

செங்கல்லை நடுகிறது எப்போதும் கெங்கம்மாதான். அன்றைக்குப் புல் நன்றாக இருந்த இடமாகப் பார்த்து மேற்கு ஓரத்தில் நட்டாள். அம்மன் உட்கார்ந்த இடத்தில் எவன் மண்வெட்டியைப் போடுவான்? சுற்றி வெட்டிக்கொண்டே போனார்கள். மூன்று நாளில் குழி இறங்கியபோது, நாலு பக்கமும் வெட்டப்பட்டு, உச்சியில் பச்சைப் புல்லும் மஞ்சள் செங்கல்லுமாக ஐந்தடித் திட்டு ஒன்று தானாக நின்றது. தனியாக ஒரு அளவுத் திட்டு எதற்கு, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றான் பரசுராமன். வசதியாகத்தான் இருந்தது. பிறகு கால்வாய்க்குப் போகிற சிமெண்டுக் குழாயைப் பதித்தார்கள். குழாயின் வாய் திட்டுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி அமைந்துவிட்டது.

தாமோதரன் டேப்பை விட்டு அளந்து எழுதிக்கொண்டான். "திட்டை எடுத்துடுங்க மேஸ்திரி. தண்ணி நின்னா அடி ஊறும். சரிஞ்சா நேரா குழாய் வாயிலதான் விழும்."

"எடுத்துடலாம் சார்" என்றான் பரசுராமன். எடுத்துடலாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்றைக்கு என்று அர்த்தம் கிடையாது.

புரட்டாசியில் இரண்டு மூன்று தூறல் விழுந்தது. குழி தாமோதரன் சொன்னபடியே வேலை செய்தது. மேலே குழம்பாக வந்த தண்ணீர், மறுமுனையில் கால்வாயில் விழும்போது டீத்தண்ணி அளவுக்குக்கூட நிறம் இல்லாமல் விழுந்தது. கெங்கம்மா தெருவில் இருக்கிற பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள், அவளே கண்டுபிடித்த மாதிரி.

"தாமோதரன் தெப்பக்கொளம்டி இது" என்றாள் இருதயம்மாள். "தெப்பம் எப்ப வுடப்போறாரு கேளு."

இருதயம்மாள் கெங்கம்மாவின் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். புருஷன் கடலோடு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. விடியற்காலையில் ஆப்பம் சுட்டு, கூடையில் அடுக்கி, தேங்காய்ப்பாலும் வடகறியுமாக வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டுவந்து விற்பாள். அவள் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் ஓரம் மெல்லிசாக, நடுவில் மெத்தென்று, அச்சில் வார்த்தது போல வரும். எண்ணெய் துடைக்கத் துணிகூட வேண்டாம் என்று பெருமையடிப்பாள்.

புரட்டாசிக் கடைசியில் அம்முவுக்கு அம்மை போட்டது. கெங்கம்மா வேலைக்கு வரவில்லை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, கூழும் இளநீரும்தான். இருதயம்மாளும் அந்தப் பன்னிரண்டு நாளும் தன் வீட்டில் ஒரு நெத்திலிகூடப் பொரிக்கவில்லை. வாசனை சுவரைத் தாண்டிப் போகும், பிள்ளைக்கு ஆகாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவள் மாதாவிடம் அம்முவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மிச்சத் துண்டைக் கொண்டுவந்து குழிக்குள் இறங்கித் திட்டின் மேலும் ஏற்றிவைத்தாள். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்" என்றாள்.

கெங்கம்மா தினமும் சாயங்காலம் குழிக்கு வந்து, செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி அழுதுவிட்டுப் போனாள். இந்த ஒன்றையாவது விட்டு வை தாயே என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்த நாட்களில் தாமோதரன் இரண்டாவது தரம் திட்டைப் பற்றிக் கேட்டான். பரசுராமன் தலையைச் சொறிந்தான்.

"கொயந்தைக்கு அம்மா எறங்கட்டும் சார். மூணாந் தண்ணி ஊத்தினதும் அவளே எடுத்துடுவா. இப்போ கை வெச்சா என்னிய கொன்னுடுவா."

"மூணாந் தண்ணி எப்போ?"

"திங்கக்கெயம."

தாமோதரன் நாள் எண்ணிப் பார்த்துச் சரி என்றான். அவனுக்கும் ஊரில் ஒரு தங்கை இருந்தாள், அம்மையில் கண் போனவள். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

அம்மு பிழைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்றாம் தரமாகத் தலைக்கு ஊற்றினார்கள். செவ்வாய்க்கிழமை கெங்கம்மா வேலைக்கு வந்தாள். பிள்ளையை இருதயம்மாள் வீட்டில் விட்டிருந்தாள். இரண்டு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாலும் முகம் நிறையச் சிரிப்பு. இருதயம்மாள் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஆப்பக் கூடையோடு வந்து குழிக்கரையில் குந்தியிருந்தாள். ஐப்பசி ஆரம்பம். காற்று வாடையாகத் திரும்பியிருந்தது. கடல் பக்கம் வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது.

தாமோதரன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தான். "கெங்கம்மா, பொண்ணு எப்படி இருக்கா?"

"உன் புண்ணியத்துல நல்லா கீறா சார். கஞ்சி கேட்டு அயுவுறா."

"நல்லது. அப்போ அந்தத் திட்டை எடுத்துடலாமா? மழை வர்ற மாதிரி இருக்கு."

கெங்கம்மா வானத்தைப் பார்த்தாள், திட்டைப் பார்த்தாள். "இன்னிக்கு செவ்வாக்கெயம சார்."

"அதனால என்ன?"

"செவ்வாயும் வெள்ளியும் அம்மாவ எடத்த வுட்டு நவுத்தக் கூடாது சார். புள்ள இப்பதான் எயுந்து குந்திகீது. நாளிக்கு காலீல மொத வேல. வெளிச்சம் வர்றதுக்கு மின்னாடியே வந்து நானே எடுத்துடறேன்."

"ஒரு நாள்தான, என்ன ஆயிடப்போவுது" என்றான் பரசுராமன்.

இருதயம்மாளும் சேர்ந்துகொண்டாள். "சாமி விசயம் சார். எங்க சாமியா இருந்தா சமாதானம் பேசிக்கலாம். அவுங்கது கொஞ்சம் கோவக்கார சாமி. நாளிக்கு எடுக்கட்டும், வுடு சார். இந்தா, ரெண்டு ஆப்பம் துன்னு."

தாமோதரன் குழியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஒரு சத்தம் போட்டிருந்தால் பரசுராமன் இறங்கி வெட்டியிருப்பான். கெங்கம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு மறந்திருப்பாள். அவன் ஆப்பத்தை வாங்கிக்கொண்டான். "சரி. நாளைக்குக் காலையில கட்டாயம்" என்றான். இருதயம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மழை பிடித்தது.

முதலில் எல்லாரும் சிமெண்டு ஷெட்டில் ஒதுங்கிப் பீடி பற்ற வைத்தார்கள். அரைமணியில் விட்டுவிடும் என்று நினைத்தார்கள். இரண்டு மணிக்கு எதிரே நிற்கிற லாரி தெரியவில்லை. மேட்டின் மேலே செம்மண் கரைந்து, கை அகல ஓடை இடுப்பகல ஓடையாகி, எல்லாம் ஒன்றுசேர்ந்து மேற்கு மூலையைப் பார்த்து இறங்கின. குழி நிரம்பியது. நிரம்பினாலும் குழாய் இழுத்துக்கொண்டுதான் இருந்தது, தண்ணீர் சுழித்துச் சுழித்து உள்ளே போவது கரையிலிருந்து தெரிந்தது. செங்கல் மட்டும் தண்ணீருக்கு மேலே மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

மூன்று மணி சுமாருக்குச் செங்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கெங்கம்மா ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் செங்கல்லும் புல்லும் ஒன்றாகக் குழாய்ப் பக்கம் சரிந்து முழுகின. சற்று நேரத்தில் சுழிப்பு நின்றது.

"யோவ், தண்ணி இயுக்கலய்யா" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டையோடு குழிக்குள் குதித்தான். பரசுராமனும் கடப்பாரையோடு இறங்கினான். கழுத்தளவுத் தண்ணீர். மூழ்கி மூழ்கிக் குத்திப் பார்த்தார்கள். ஐந்தடித் திட்டு, வேரும் புல்லுமாக, களிமண் கட்டியாகக் குழாய் வாயை அடைத்திருந்தது. மேலேயிருந்து வண்டல் வந்து அதன் மேல் படிந்துகொண்டே இருந்தது. ஒரு பிடி எடுத்தால் ஒரு கூடை வந்து விழுந்தது. ஓடைக்கரைப் பக்கம் போட்டிருந்த மண்வரப்பைத் தண்ணீர் தாண்டியதும் வரப்பும் கூடவே கிளம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நான் என் கடையில் சைக்கிள்களைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். செம்மண் குழம்பு தெருவில் முழங்கால் அளவு வந்ததைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன்னாலும் வந்திருக்கிறது, வந்து மறுநாள் போய்விடும். இது மண்ணோடு வந்தது. மண்சுவர்களின் காலைப் பிடித்து இழுத்தது.

கெங்கம்மா ஓடிவந்தபோது அம்மு தெருவில் சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இருதயம்மாளின் வீட்டில் கூரை மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவர் கீழே கிடந்தது. அதற்கு அடியில் இருதயம்மாளின் வலது கை தோள்வரை மாட்டியிருந்தது. சுவர் விரிசல் விட்ட சத்தம் கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்திருக்கிறாள். அவள் வருவதற்குள் சுவர் வந்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து சுவரைப் புரட்டினோம். முழங்கை நொறுங்கியிருந்தது. அவள் அழவில்லை. "ஆப்பச் சட்டி ஒடஞ்சிச்சா பாருடி" என்றாள்.

ஓடைக்கரையில் பதினோரு வீடு விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அம்முவைக் காப்பாற்றியது கெங்கையம்மன்தான் என்று தெருவே பேசிக்கொண்டது. பிள்ளையைத் தூக்கி எறிய வைத்தது யார், அம்மன்தானே என்றார்கள். கெங்கம்மா இந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்காமல் எழுந்துபோய்விடுவாள்.

வியாழக்கிழமை நாங்கள் தண்டவாளத்தோர ரோட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார், கான்ட்ராக்டரும் கூட வந்தார். குழிக்கரையில் விசாரணை. கூட்டத்து ஆட்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். முந்தின ராத்திரி பரசுராமன் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதைக் கெங்கம்மாவே பின்னால் சொல்லியிருக்கிறாள்.

"நாளிக்குக் கேப்பாங்கோ, ஏன் எடுக்கலன்னு. ஓவர்சீரு சொல்லலன்னு சொல்லப்போறேன்" என்றானாம்.

"சொன்னாருய்யா. மூணு தபா சொன்னாரு."

"எனக்குத் தெரியாதா? நம்ம மேல வந்தா கூட்டத்தையே மாத்திடுவாரு கான்ட்ராக்டரு. பதினெட்டு வூட்டுல அடுப்பு எரியாதுமே. அதுல அஞ்சு வூடு இப்போ வூடே இல்லாம கீது. அந்தாளு படிச்ச ஆளு. இங்க இல்லன்னா இன்னொரு எடம்."

"நான்தான எடுக்கல. என்னிய அனுப்பச் சொல்லு."

"சித்தாளு பேச்சக் கேட்டு மேஸ்திரி சொம்மா இருந்தான்னா, போறது நீயா நானா?"



அதிகாரி கேட்டார். பரசுராமன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஓவர்சீரு ஒண்ணியும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா எடுத்திருப்போம்" என்றான்.

தாமோதரன் கண்ணாடி தொலைந்துபோனதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தான். பரசுராமனைத் தாண்டி கெங்கம்மா இருந்த இடத்தில் அவன் பார்வை நின்றது. அவளுடைய முகம் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அவள் தலையைக் குனிந்து, கையில் இருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் நடந்தது தெரியும். நான் வேலைக்காரன் இல்லை, எனக்கு எந்த வேலையும் போயிருக்காது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

"அவங்க மேல தப்பு இல்லைங்க சார்" என்றான் தாமோதரன். "செவ்வாய்க்கிழமை நானே நின்னு எடுக்க வெச்சிருக்கணும்."

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள்.

இருதயம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. கட்டைப் பிரித்த பிறகும் முழங்கை மடங்கவில்லை. அந்தக் கையால் சிலுவை போட்டுக்கொள்ளக்கூட முடியாது. கெங்கம்மா விடியற்காலையில் எழுந்துபோய் மாவு ஆட்டி, அவளுக்குப் பதிலாக ஆப்பம் சுட ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இருதயம்மாள் சொல்லிக்கொடுப்பாள். எத்தனை சொன்னாலும் கெங்கம்மா சுழற்றிய ஆப்பம் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்துதான் வந்தது. மண்கூடை பிடித்துப் பழகின கைக்கு அந்த மணிக்கட்டு வாகு வரவில்லை. விலையைக் குறைத்தும் பாதிக் கூடை திரும்பிவந்தது.

ஒருநாள் அடுப்பின் முன்னாலேயே கெங்கம்மா உடைந்துவிட்டாள்.

"யக்கா, உன் கையி என்னாலதான் போச்சி. அத்த நான் அன்னிக்கே எடுத்திருந்தா..."

"தெரியும்டி" என்றாள் இருதயம்மாள். "நானுந்தான சொன்னேன், நாளிக்கு எடுக்கட்டும் வுடு சார்னு. ஆப்பம் வேற குட்த்தேன்."

"என்னிய நாலு வார்த்த திட்டிடு யக்கா."

"திட்டினா கையி வந்துடுமா? மாவு பொங்குது பாரு, எடு." இடது கையால் விறகை உள்ளே தள்ளினாள். "என் கைய வுடு. அது செவுரு வுயுந்து போச்சி. அந்தப் புள்ளாண்டானுக்கு இன்னா வுயுந்திச்சி? நீங்கோதான் வுயுந்தீங்கோ. புருசனும் பொஞ்சாதியும். எங்கிட்ட வந்து அயுது இன்னா பிரயோசனம்? அந்தாளுகிட்ட போயி சொல்லு."

கெங்கம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆறு ஆப்பத்தை வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டு, தேரடிக்கு நடந்தாள். என் கடையைத் தாண்டும்போது எங்கே என்று கேட்டேன். சொன்னாள். கூட வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு பஞ்சர் வேலை இருந்தது.

மாடி அறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கீழ்வீட்டு அம்மாளுக்கு அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றானாம், கட்டட வேலையே வேண்டாம் என்று சொன்னானாம். ஊரில் கண் தெரியாத ஒரு தங்கை இருக்கிறாள், அம்மையில் போன கண், அவளுக்குத்தான் மாசாமாசம் பணம் அனுப்புவான் என்று அந்த அம்மாள் சொன்னபோது, கெங்கம்மா அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆப்பத்தைத் தெருமுனையில் இருந்த பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்தாள்.

அடுத்த வருஷம் குவார்ட்டர்ஸில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். எங்கள் ஓடைக்கரையில் விழுந்த வீடுகளை நாங்களே எழுப்பிக்கொண்டோம். அதே கான்ட்ராக்டர் எர்ணாவூர்ப் பக்கம் இன்னொரு பள்ளத்தை மேடாக்கினார். பரசுராமன் கூட்டத்துக்குத்தான் வேலை. தாமோதரன் வெட்டச் சொன்ன மாதிரிக் குழி நல்லதுதான் என்று கான்ட்ராக்டருக்கே தோன்றிவிட்டது. எல்லா வேலையிலும் ஒன்று வெட்டச் சொல்லிவிட்டார். அதற்கு யார் பேரும் இல்லை, வண்டல் குழி என்றே சொல்லிக்கொண்டார்கள்.

எர்ணாவூரில் குழி வெட்டுகிற அன்றைக்கு ஒரு சைக்கிளைத் திருப்பிக்கொடுக்க நான் போயிருந்தேன். கெங்கம்மா செங்கல்லைக் குழியிலிருந்து பத்தடி தள்ளி, வேலியோரம் நட்டாள். ஏன் அவ்வளவு தூரம் என்று பெண்கள் கேட்டதற்கு, அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். அளவுத் திட்டைக் குழாய் வாயை விட்டு விலகி மறுகோடியில் விட வைத்தாள். நாலு நாள் கழித்துப் புது ஓவர்சீயர் அளந்து முடித்தார். பெரிய மீசையும் பெரிய குரலுமாக இருந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நாளைக்கு வந்து திட்டை எடுத்துக்கோங்க, இன்னைக்கு நேரமாயிடுச்சு" என்றார்.

"இப்பவே எடுத்துடறேன் சார்" என்றாள் கெங்கம்மா.

"இன்னிக்கு செவ்வாக்கெயமமே" என்றான் பரசுராமன் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

ஓவர்சீயருக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா அவசரம்? மழையே காணோம்."

கெங்கம்மா கூடையைக் கீழே வைத்தாள். "போன வருசம் ஒரு ஓவர்சீரு கீந்தாரு சார். தாமோதரன்னு. அவுரு இப்பிடித்தான் எடுன்னு சொன்னாரு. மூணு தபா சொன்னாரு. நான்தான் எடுக்க வுடல. அப்பால பெரிய ஆபீசரு வந்து கேட்டப்போ, அவுரு சொல்லவே இல்லன்னு எங்காளு சொல்லிச்சி. நானும் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். ஒண்ணியும் பேசல."

பரசுராமன் தரையைப் பார்த்தான். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பதினெட்டுக் குடும்பமும் அங்கேதான் இருந்தது.

ஓவர்சீயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவனும் இந்த வருஷம் வந்தவன்தான்.

"தாமோதரனா?" என்றார் ஓவர்சீயர். "யாரு அது?"

கெங்கம்மாவே சொன்னாள்.

"எங்க வூட்டுக்குள்ள தண்ணி வரக் கூடாதுன்னு நெனச்ச ஆளு சார்."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.